கூலக்கடையும் கொட்டகையும்

என் தந்தையார் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கூலக்கடை வைத்திருக்கிறார். அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல், வெல்லம், சர்க்கரை முதலியன எங்கள் சரக்கு. இந்த இரண்டு வாக்கியங்களையும் நம் மன்றத்து இதழில் எழுதும் துணிவு பெறுவதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின என்று சொன்னால் நண்பர்கள் நகைப்பார்கள். நகைக்கட்டும், நகைப்புக்கு உரியவன்தான் நான்.

முதலாண்டு முதல் நாள் வகுப்பிலே, ஒவ்வொருவராக எழுந்து தம்மை அறிமுகம் செய்துகொண்டது பலருக்கு நினைவிருக்கலாம். ஒருவர் தந்தை ஆசிரியர். ஒருவர் தந்தை வங்கி அதிகாரி. இன்னொருவர் தந்தை வளைகுடா நாட்டில் பொறியாளர். என் முறை வந்தது. "அப்பா வணிகத் துறையில் இருக்கிறார்" என்றேன். 'துறை' என்ற சொல் எத்தனை பெரிய போர்வை! ஒரு தராசையும், ஐம்பது அறுபது சாக்குகளையும், சாக்குகளின்மேல் உறங்கும் பூனையையும் சேர்த்து மூடிவிட்டது.

எங்கள் கடை பழைய கடை. பாட்டனார் நாஞ்சில் நாட்டிலிருந்து அரிசி வண்டியோடு இங்கே வந்தவர். அந்நாளில் நாஞ்சில் நாடும் திருவனந்தபுரமும் ஒரே அரசின் கீழ் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, ஊர் ஒரு மாநிலத்திலும் கடை வேறொரு மாநிலத்திலுமாக அவர் நின்றார். "எல்லைக்கோடு நம் தராசுத் தட்டு இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது, ஆனாலும் முள் நேராகத்தான் நிற்கிறது" என்று சொல்வாராம். திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருப்பெற்ற சாலைக் கடைத்தெருவில் இன்றும் தமிழ் கேட்காத மூலை இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

வகுப்பில் ஒரு நாள் மணிமேகலை நடந்தது. "இதன் ஆசிரியர் முழுப் பெயரைச் சொல்லுங்கள்" என்றார் பேராசிரியர். "மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்" என்றான் முன்வரிசை நண்பன். "கூலம் என்றால் என்ன?" என்று அடுத்த கேள்வி பிறந்தது. வகுப்பு மௌனமாயிற்று. கூலம் என்றால் என்ன என்பது, அன்று காலை துவரம்பருப்பு மூட்டை இறக்கி வந்த என் தோளுக்குத் தெரியும். சட்டையில் ஒட்டியிருந்த தூசிக்கும் தெரியும். ஆயினும் நான் வாய் திறக்கவில்லை. திறந்தால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம்! ஒரு காப்பியப் புலவர் தம் பெயரின் முன்னே பட்டம்போல் தாங்கி நின்ற தொழிலை, அவரைப் படித்துத் தேர்வெழுத வந்த மாணவன் ஒளித்து வைத்தான்.

இனி, என் குற்றத்திற்கு வருகிறேன்.

இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இருபது நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப் புறப்பட்டோம். கதை ஒருவர், காமிரா ஒருவர், இயக்கம் ஒருவர் என்று பொறுப்புகள் பங்காயின. பணப் பொறுப்பு என்னிடம் வந்தது. ஐவரும் கொடுத்த பணத்தை ஓர் உறையிலிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்தேன். ஒரு தாளில்கூட எழுதவில்லை. எழுதினால் கடைக்காரன்போல் தோன்றுமே! கலைஞன் கணக்கு எழுதலாமா? மூன்று நாளில் முடியவேண்டிய படப்பிடிப்பு ஐந்து நாளாயிற்று. காமிரா வாடகை இரண்டு நாள் கூடிற்று. வாடகைக் காருக்குத் தனியாகப் பணம் போயிற்று. ஆறாம் நாள் உறையில் இருந்தது நாற்பது ரூபாய், கொடுக்கவேண்டியது பன்னிரண்டாயிரம்.

அன்று மாலை அப்பா சரக்குப் பார்க்கக் கிடங்குக்குப் போயிருந்தார். கல்லாப்பெட்டிமுன் நான் மட்டும் இருந்தேன். பன்னிரண்டாயிரத்தை எண்ணி எடுத்தேன். கை நடுங்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். அப்பா அன்றிரவு கடையைச் சாத்தும்போது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவர் கவனிக்கவில்லை என்று எண்ணி மகிழ்ந்தேன். நாற்பது ஆண்டுகளாக ஒரே பெட்டியின்முன் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குப் பன்னிரண்டாயிரம் குறைந்தது தெரியவில்லை என்று நம்புவதற்கு எவ்வளவு பேதைமை வேண்டும்!

ஓணம் வந்தது. கடையில் நிற்க இடமில்லை. கணக்கப்பிள்ளை காய்ச்சலாகப் படுத்துவிட்டார். பேரேடு என் கைக்கு வந்தது. ரசீதுக்குக் கணிப்பொறி இருந்தாலும், அப்பா இன்னும் தம் கையால் பேரேடு எழுதுகிறவர். யாருக்கோ பற்று எழுத ஏடுகளைத் திருப்பிக்கொண்டே போனபோது ஒரு பக்கத்தின் தலைப்பில் என் பெயரைக் கண்டேன். அதன் கீழே ஒரே ஒரு வரி. நான் பணம் எடுத்த அதே தேதி. 'கைமாற்று ரூ. 12,000.' வரவுப் பக்கம் வெறுமையாய் இருந்தது.

நண்பர்களே, 'களவு' என்று எழுதவேண்டிய இடத்தில் 'கைமாற்று' என்று எழுதியிருந்தார். அடித்திருந்தால் அழுதிருப்பேன், திட்டியிருந்தால் எதிர்த்திருப்பேன். அந்த ஒற்றை வரியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். "துவரை ரெண்டு கிலோ, அம்மாவுக்குப் போடு மக்கா" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பரில் நம் நகரத்துத் திரைப்பட விழா வந்தது. பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டகைக்குக் கொட்டகை ஓடும் அந்த நாள்களை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கொரியப் படங்களின்மேல் இந்த ஊருக்கு உள்ள காதலும் பழைய செய்தி. 2013இல் இயக்குநர் கிம் கி-டுக் இவ்விழாவுக்கு நேரிலே வந்தபோது கூடிய கூட்டத்தைப் பற்றி மூத்த மாணவர்கள் இன்றும் கதைகதையாகச் சொல்கிறார்கள். ஒரு கொரியப் படம் முடிந்து வெளியே வந்தபோது நண்பன் ஒருவன், "இவ்வளவு பணம் போட்டு இப்படிப்பட்ட கதையை எடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பணம் போடுகிறவனைப் பற்றி ஒருவன் கேட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அடுத்த வாரம் முழுதும் அதைத் தேடிப் படித்தேன்.

படித்ததைச் சுருக்கிச் சொல்லுகிறேன். லீ பியுங்-சுல் என்பவர் 1938இல் தேகு என்னும் நகரில் ஒரு வாணிபக் கடை திறந்தார். உலர்ந்த மீனும் காய்கனியும் வெளியூருக்கு அனுப்புவது அதன் தொழில். கடையின் பெயர் சாம்சங். ஆம், இன்று உங்களிற் பலர் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியின் பெயரேதான். கொரியப் போர் ஓய்ந்த 1953ஆம் ஆண்டில் அவரே சர்க்கரை ஆலை ஒன்றையும் நிறுவினார். 'செயில் ஜெடாங்' என்பது அதன் பெயர். 'முதல் சர்க்கரை ஆலை' என்பது ஏறத்தாழ அதன் பொருள். 1990களில் அந்தச் சர்க்கரைக் கம்பெனி சாம்சங்கிலிருந்து பிரிந்து பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்தது. பேத்தியின் பெயர் லீ மி-கியுங். உலகம் மிக்கி லீ என்று அழைக்கிறது. 1958இல் பிறந்தவர். ஹார்வர்டில் முதுகலை படித்தவர்.

1995இல், ஸ்பீல்பெர்க் முதலிய மூவர் அமெரிக்காவில் தொடங்கிய டிரீம்வொர்க்ஸ் என்னும் புதிய படக் கம்பெனியில் முப்பது கோடி டாலர் முதலீடு செய்வதற்கு அந்த அம்மையார் முன்னின்றார். சர்க்கரைக் கம்பெனிக்குச் சினிமாவில் என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள் அன்றோ? 1997இல் கொரியாவைப் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கிற்று. நம்மைப் போன்றவர்கள் கடையைச் சாத்தியிருப்போம். மறு ஆண்டிலேயே, 1998இல், சியோல் நகரில் பல திரைகள் கொண்ட அவர்களுடைய முதற் கொட்டகை திறந்தது. பிறகு படங்களுக்குப் பணம் போட்டார்கள். பாங் ஜூன்-ஹோ என்ற இயக்குநரின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்கி நின்றார்கள்.

எல்லாம் ஏற்றமாகவே போய்விடவில்லை. 2013இல் அவருடைய தம்பி, கம்பெனியின் தலைவர், வரி ஏய்ப்பு முதலிய வழக்கில் கைதானார். 2014இல் அம்மையாரும் பொறுப்பிலிருந்து ஒதுங்கி அமெரிக்காவுக்குப் போனார். அவரை ஒதுக்கும்படி அதிபர் மாளிகையிலிருந்தே நெருக்குதல் வந்தது என்பது பின்னால் வெளிப்பட்டது. நெருக்கிய அதிகாரி 2018இல் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பும் பெற்றார். 2020 பிப்ரவரியில், பாங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' படம் நான்கு ஆஸ்கர் பரிசுகளை வென்ற இரவில், மேடையேறிப் பேசியவர்களில் அதே மிக்கி லீயும் ஒருவர். இயக்குநருக்கு நன்றி சொன்னார்; தம்பிக்கு நன்றி சொன்னார்; பிறகு, மனத்தில் பட்டதை ஒளிக்காமல் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் கொரிய ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். அவர்கள் அப்படிச் சொன்னதால்தான் நாங்கள் மெத்தனமாய் இருக்க முடியவில்லை என்பது அவர் பேச்சின் கருத்து.

இவ்வளவையும் தை பிறந்த பிறகு ஒரு மதியம், வியாபாரம் மந்தமாக இருந்த வேளையில் அப்பாவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பேரேட்டில் என் பெயர்ப் பக்கம் திறந்தே இருந்தது. அதைப் பற்றிப் பேச வாய் வராதவன் வேறு எதையாவது பேசித்தானே ஆகவேண்டும்?

அப்பா கொட்டைப்பாக்கை வாயில் ஒதுக்கிக்கொண்டு முழுதும் கேட்டார். டாலர்க் கணக்குக்கு அவர் புருவம் உயரவில்லை. கடைசிச் செய்திக்குத்தான் நிமிர்ந்தார். "அவ்வளவு பெரிய மேடையிலே ஏறி வாடிக்கைக்காரனுக்கு நன்றி சொல்லியிருக்கா பாரு! அவ கடைக்காரன் பேத்திதான், சந்தேகமே இல்லை" என்றார். பிறகு சொன்னார்: "இதுக்குக் கொரியாவுக்கு ஏன் மக்கா போறே? நேமத்துக்குப் போ."

நேமம் என்றதும் எனக்கு விளங்கவில்லை. நாகர்கோவில் பேருந்தில் ஏறினால் கரமனை, பாப்பனங்கோட்டை அடுத்து வரும் ஊர் அது. அங்கேதான், 1950களின் தொடக்கத்தில் பி. சுப்பிரமணியம் என்பவர் மெரிலாண்ட் ஸ்டூடியோவை நிறுவினார். நம் நகரத்து மேயராகவும் இருந்தவர் அவர். மலையாளப் படங்களெல்லாம் சென்னைக்குப் போய்த்தான் உருப்பெற வேண்டும் என்றிருந்த காலம். ஆலப்புழையில் குஞ்சாக்கோவின் உதயா ஸ்டூடியோ 1947இல் தோன்றியிருந்தது. தெற்கே மெரிலாண்ட் தோன்றிற்று. உதயாவின் சின்னம் சேவல். மெரிலாண்டின் சின்னம் முருகன். "சேவல் கொடியிலே இருந்தாலும் சண்டை மட்டும் ஓயலை" என்று அப்பா சிரித்தார். இரண்டு ஸ்டூடியோக்களுக்கும் இருந்த போட்டி அவ்வளவு பெயர்பெற்றது.

மெரிலாண்டின் முதற் படம் 1952இல் வந்த 'ஆத்மசகி'. போலீஸ் அதிகாரியாய் இருந்து நடிக்க வந்த சத்தியன் வெள்ளித்திரையில் தோன்றிய முதற் படமும் அதுவே. முட்டத்து வர்க்கியின் கதையான 'பாடாத்த பைங்கிளி' 1957இல் வந்து, மலையாளத்தின் சிறந்த படம் என்று தேசிய விருது பெற்றது. மறு ஆண்டில் தகழியின் 'ரண்டிடங்கழி'யைப் படமாக்கினார். குட்டநாட்டு வயலில் உழைக்கும் எளியவர்களின் கதை அது. 1969இல் கேரள அரசு திரைப்பட விருதுகளைத் தொடங்கியபோது, சிறந்த படத்துக்கான முதற் பரிசு அவருடைய 'குமார சம்பவ'த்துக்குக் கிடைத்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களை எடுத்து, 1978இல் காலமானார்.

"இதெல்லாம் எப்படி நடந்தது தெரியுமா?" என்றார் அப்பா. "அவர் முதல்லே படம் எடுக்கலை. முதல்லே கொட்டகை கட்டினார். இதோ நம்ம கிழக்கே கோட்டையிலே ஸ்ரீபத்மநாபா; தம்பானூரிலே நியூ தியேட்டர். யாரு வர்றான், எந்தப் படத்துக்குக் குடும்பத்தோட வர்றான், எந்தக் காட்சியிலே எழுந்து வெளியே போறான், எல்லாத்தையும் பார்த்தார். பார்த்த பிறகுதான் ஸ்டூடியோ. கடையிலே உட்கார்ந்து பழகினவன் மண்டி தொடங்குற மாதிரி."

நான் எண்ணிப் பார்த்தேன். கொட்டகையும் படமும் ஒரே கையில் இருப்பதால் நன்மை மட்டுமே விளையும் என்று சொல்லமாட்டேன். கொரியாவிலும், பெரிய கம்பெனி தன் படத்துக்கே தன் திரைகளைக் கொடுத்துச் சிறிய படங்களை நெருக்குகிறது என்ற குறை இன்றுவரை பேசப்படுகிறது. மெரிலாண்ட் படங்களில் செட்டுச் சுவரே மிகுதி, கலை நுணுக்கம் குறைவு என்று சொன்னவர்களும் உண்டு. ஆயினும் அப்பா சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. பார்க்க வருகிறவனை மதிக்கத் தெரிந்தவன்தான் அவனுக்கு முன்னே நெடுநாள் நிற்க முடிகிறது.

அப்பா தம் எட்டாம் வயதில் பார்த்த படத்தைப் பற்றியும் சொன்னார். 1975இல் வந்த 'சுவாமி ஐயப்பன்' அது. பாட்டனார் கடையை அரை நாள் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு அழைத்துப் போனாராம். எங்கள் கடை வரலாற்றில் சாவு வீட்டுக்கன்றி வேறெதற்கும் அரை நாள் சாத்தியது அந்த ஒரு முறைதான். படம் பெரும் பொருள் ஈட்டிற்று. அந்த வருவாயிலிருந்து சபரிமலையில் பம்பையிலிருந்து சன்னிதானம் வரை பாதை போடச் சுப்பிரமணியம் பணம் கொடுத்தார். இன்றும் அது சுவாமி ஐயப்பன் சாலை. "வாடிக்கைக்காரன் கொடுத்தது, அவன் கால் நடக்குற இடத்துக்கே போய்ச் சேர்ந்தது" என்றார் அப்பா.

இந்த இடத்தில் எனக்குச் சிறிது வாதிடத் தோன்றிற்று. "அப்பா, அப்படியானால் டானியேல்?" என்று கேட்டேன்.

ஜே. சி. டானியேலை நீங்கள் அறிவீர்கள். அகத்தீஸ்வரத்துக் குடும்பத்தைச் சேர்ந்த தமிழர். இதே திருவனந்தபுரத்தில் பட்டம் பகுதியில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி, சொத்தை விற்று, 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். எழுதியவர், இயக்கியவர், நடித்தவர், பணம் போட்டவர் எல்லாம் அவரே. கேரளத்தில் பிறந்த முதற் படம் அது. கேபிட்டல் தியேட்டரில் அது வெளிவந்த ஆண்டை 1928 என்பாரும் 1930 என்பாரும் உண்டு. கதாநாயகியாக நடித்த பி. கே. ரோசி, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஏழைப் பெண். அவர் நாயர் குலப் பெண்ணாக வேடம் பூண்டதைப் பொறாத கூட்டம் திரையின்மேல் கல்லெறிந்தது. பின்னர் அவருடைய குடிசையும் தீக்கிரையாயிற்று. அவர் ஊரைவிட்டே போனார். நாகர்கோவிலில் பெயர் மறைந்து வாழ்ந்து முடிந்தார் என்பர். டானியேல் அதன் பிறகு படம் எடுக்கவில்லை. தமிழ்நாட்டு ஊர்களில் பல் மருத்துவராகப் பிழைத்து, 1975இல் அகத்தீஸ்வரத்தில் மறைந்தார். அப்பா 'சுவாமி ஐயப்பன்' பார்த்த அதே ஆண்டு! ஒருவர் படத்தால் மலையில் பாதை வந்தது; மலையாளப் படத்துக்கே பாதை போட்டவர் ஓசையின்றிக் கண்மூடினார்.

"டானியேல் முதல்லே ஒரு கொட்டகை கட்டியிருக்கணும்" என்றார் அப்பா.

"ரோசிமேல் கல் விழுந்தது கணக்குப் பிசகாலா அப்பா?" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. தராசுத் தட்டில் ஒட்டியிருந்த சர்க்கரையைக் கையால் துடைத்தார். "இல்லை மக்கா. அது ஊர்க் கணக்கு. ஊர் இன்னும் அதைத் தீர்க்கலை" என்றார். பிறகு, "கேரள சர்க்கார் அவர் பேரிலே விருது கொடுக்குதே?" என்று கேட்டார். 1992இல் தொடங்கினார்கள் என்றேன். "பதினேழு வருஷம் கழிச்சு வரவு வச்சிருக்காங்க. அந்தப் பெண்ணுக்கு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிரவு படுக்கையில் இந்த மூவரையும் நினைத்தேன். சர்க்கரை வாணிபக் குடும்பத்துப் பேத்தி ஒருத்தி; கொட்டகை கட்டி ஸ்டூடியோ கண்ட நம் ஊர் முதலாளி ஒருவர்; எல்லாவற்றையும் விற்று வழிகாட்டிவிட்டு மறைந்த டானியேல் ஒருவர். வணிகனுக்குக் கலை தெரியாது என்றும், கலைஞனுக்குக் கணக்கு ஆகாது என்றும் நான் நம்பிக்கொண்டிருந்தது எவ்வளவு சிறுபிள்ளைத்தனம்! வணிகன் என்பவன் இலாபத்தை எண்ணுகிறவன் மட்டும் அல்லன். கடனுக்கு ஒருவன் பெயரை எழுதிக்கொண்டு, அவன் திரும்பி வருவான் என்று பக்கத்தைத் திறந்தே வைத்திருப்பவன் அவன். டிரீம்வொர்க்ஸ் முதலீட்டுக்கும் ஆஸ்கர் மேடைக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள். அத்தனை ஆண்டுகள் ஒரு பக்கத்தை மூடாமல் வைத்திருக்கப் பணம் மட்டும் போதாது. பொறுமை வேண்டும், மனிதர்மேல் நம்பிக்கை வேண்டும். மெரிலாண்டின் பக்கமும் மூடவில்லை. சுப்பிரமணியத்தின் பேரர் விசாக் அந்தப் பெயரை மீண்டும் எடுத்து, 2022இல் 'ஹிருதயம்' படத்தைத் தந்ததை நாம் பார்த்தோம். டானியேலுக்கு இல்லாமற் போனது திறமை அன்று. அவர் பெயரில் ஒரு பக்கம் திறந்து காத்திருக்க அன்று ஊரில் ஆள் இல்லை.

எனக்கு அப்படி ஓர் ஆள் இருக்கிறார். சாலைக் கடைத்தெருவில், சாக்குகளுக்கு நடுவே.

மறுநாள் காலை அப்பாவிடம் போய், "அந்தப் பன்னிரண்டாயிரத்தை நான் கேட்காமல் எடுத்தேன்" என்றேன். சொல்லி முடிக்குமுன் தொண்டை அடைத்துவிட்டது. "எழுதியிருக்கேனே" என்றார் அவர். அவ்வளவுதான். பிறகு, "அந்தப் படம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். பாதியில் நிற்கிறது என்றேன். "பாதிச் சரக்கை எவன் வாங்குவான்? முடிக்க எவ்வளவு ஆகும்னு எழுதிக் கொண்டா."

எழுதிக்கொண்டு போனேன். பதினெட்டாயிரம் வந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்தார். வாடகைக் காரை அடித்தார், "கடை வண்டி சும்மாதானே நிக்குது?" மூன்று நாளை இரண்டாக்கினார், "காலையிலே ஆறு மணிக்குத் தொடங்கு. சாலையிலே மூட்டை இறங்குற நேரம்தான் நல்ல வெளிச்சம்." காமிரா வாடகையைத் தொடவில்லை. சாப்பாட்டுக்கு நான் எழுதியிருந்ததைக் கூட்டினார், "பட்டினி போட்டு வேலை வாங்காதே." முடிவில் பதினோராயிரத்தில் நின்றது. நாற்பது ஆண்டு தராசு பிடித்த கை ஒரு படத்தின் செலவுத் தாளைத் திருத்தியதை அருகிலிருந்து பார்த்தேன். எந்தப் பாடநூலிலும் இதை நான் படித்ததில்லை.

இப்போது மாலையில் கடைத்தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அதில் வரும் பணத்தில் இதுவரை நான்காயிரத்து ஐந்நூறு திருப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அப்பா பேரேட்டை எடுத்து, என் கண்முன்னே வரவு வைக்கிறார். நிலுவை ஏழாயிரத்து ஐந்நூறு. தேர்வுக்குப் பின் கடையில் உட்காருவதா, படத் தொழிலுக்குப் போவதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அப்பாவுக்கு வயதாகிறது, வீட்டு வாசலுக்கே சரக்கைக் கொண்டுவரும் கம்பெனிகளால் சில்லறை வியாபாரமும் ஒடுங்கிவருகிறது. "ஒரு வருஷம் இங்கே உட்கார். அப்புறம் நீயே சொல்லு" என்கிறார். அது நியாயமாகவே எனக்குத் தோன்றுகிறது.

படம் முடிந்துவிட்டது. மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் திரையிடச் செயலாளர் இசைந்திருக்கிறார். கொரிய ரசிகர்களைப்போல் நீங்களும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நன்றாக இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். முன்வரிசையில் வேட்டி கட்டி ஒருவர் உட்கார்ந்திருப்பார். சட்டையில் மிளகாய் நெடி கொஞ்சம் வீசும். தும்மல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்தான் எங்கள் படத்தின் தயாரிப்பாளர். என் தந்தையார்.

பேராசிரியர் ஐயா அவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அன்று வகுப்பில் தாங்கள் கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரியும் ஐயா. நெல்லும் பயறும் உளுந்தும் துவரையும் எள்ளும் கொள்ளும் கூலம். அவற்றை அளந்து விற்பவர் கூலவாணிகர். நான் ஒரு கூலவாணிகர் மகன்.